அந்தப் பிள்ளை நிலைதடுமாறி விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கீழே ஓரமாக, நாலு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. பள்ளி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய பிளஸ் ஒன் மாணவி ‘நிலைதடுமாறி’ சாலையோரப் பள்ளத்தில் விழுந்து காயமடைந்தார், அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று. அந்தப் பிள்ளை எங்கள் தெரு. என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. மூன்று வயதில் மூக்கு ஒழுக என் அங்கன்வாடிக்கு வந்தவள், இன்றைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவள் நிலைதடுமாறவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ‘நிலைதடுமாறி’யை நீங்கள் எல்லாவற்றுக்கும் போடுகிறீர்கள். நாய் குறுக்கே ஓடி பைக் கவிழ்ந்தாலும் நிலைதடுமாறி, மாடியில் வடகம் காயப்போடப் போனவர் விழுந்தாலும் நிலைதடுமாறி. அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. விழுந்தவர் தலையிலேயே பழி உட்கார்ந்துகொள்ளும், ஏன் விழுந்தார் என்று அடுத்த கேள்வி வராது. எங்கள் தெருவில் உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தூரம் சைக்கிளு" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டார். 30 வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே பேச்சு. அதற்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது என்னவென்றால், அவள் ஒரு தடவை விழவில்லை, இரண்டு தடவை விழுந்தாள். முதல் தடவை திங்கட்கிழமை சாயங்காலம். ஆட்டுமந்தை குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தாள், தார் ரோட்டு ஓரத்துச் சரளையில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, சுடிதாரில் ஒரு கிழிசல், அவ்வளவுதான். ஆனால் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினால் சக்கரம் ரோட்டைப் பார்க்கிறது, ஹேண்டில்பார் வயலைப் பார்க்கிறது. அந்த வழியாக மொபெட்டில் வந்த இரண்டு பையன்கள் வண்டியை நிறுத்தினார்கள். நல்ல பிள்ளைகள், உதவிக்குத்தான் வந்தார்கள். ஒருவன் முன்சக்கரத்தை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். நேராகிவிட்டது. "சரியாப் போச்சு, ஓட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இதைச் செய்யாதவர்கள் தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் செய்திருக்கிறேன். தப்பு முறுக்கியதில் இல்லை, முறுக்கிவிட்டு அப்படியே ஏறி ஓட்டிக்கொண்டு போனதில் இருக்கிறது. ஒரு பையன் வெறும் கையால் திருப்பி நேராக்க முடிகிற ஹேண்டில், நாளைக்கு இன்னொரு கை இழுத்தாலும் திரும்பத்தானே செய்யும்? கையோடு வந்தது என்றால் அது பிடிப்பில் இல்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கிற போல்ட்டை இறுக்காமல் வெளியே எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் அந்தச் சைக்கிள் சரியாகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. சமதளத்தில் போகும்போது ஹேண்டில் மேல் சும்மா கை வைத்திருப்போம், அவ்வளவுதான். புதன்கிழமை பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள். நின்று மிதிக்கும்போது எந்தக் கால் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கத்துக் கை ஹேண்டிலைத் தன் பக்கம் இழுக்கும், உடம்பின் பாரம் முழுக்க அதில் தொங்கும். இழுத்தாள், ஹேண்டில் வந்தது, சக்கரம் வரவில்லை. "நான் திருப்பினேன் டீச்சர், சைக்கிள் அது பாட்டுக்கு நேராப் போச்சு" என்றாள். பாலத்துக் கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் இருக்கும் பள்ளத்தில் போய் விழுந்தாள்.

விழுந்த வேகத்தில் ஹேண்டில் முனை வயிற்றில், விலா எலும்புக்குக் கீழே குத்தியிருக்கிறது. திங்கட்கிழமை விழுந்ததிலேயே அந்தப் பக்கத்து ரப்பர் பிடி கிழிந்து, இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றாள், ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தாள். அவள் அம்மா என்னிடம் ஓமம் கேட்டு வந்தாள். போய்ப் பார்த்தால், பழைய எட்டணாக் காசை வைத்து அழுத்தினது மாதிரி வயிற்றில் ஒரு சிவந்த வட்டம். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு அடிபட்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஓரளவு எனக்குத் தெரியும். இந்த வட்டத்துக்குப் பயந்தேன். ஓமத்தை வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னேன்.

அங்கே டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். முன்னால் குழாய், பின்னால் முதுகெலும்பு, நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது கணையமும் சிறுகுடலும். கல்லீரல், மண்ணீரலும் கிழியலாம். வெளியே தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, வலி சில மணி நேரம் கழித்து வரும், சில சமயம் மறுநாள்கூட வரும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறார்கள் என்றார். சைக்கிள் ஹேண்டில் வயிற்றில் குத்தி வருகிற பிள்ளைகளை அவர்கள் தனியாகக் கவனித்துப் பார்ப்பார்களாம். ஸ்கேன் எடுத்து, இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நல்லவேளை, எதுவும் கிழியவில்லை. உங்கள் செய்தியில் ‘லேசான காயம்’ என்று இருந்தது. அந்த மட்டில் சரிதான். ஆனால் லேசாக முடிந்தது அவளுடைய நேரம்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் மெக்கானிக் இல்லை. 1991-92ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது அன்னவாசல் பக்கத்தில் தொண்டராக இருந்தவள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முனைந்து நின்றார். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், சத்துணவு சமைக்கிறவர்கள் எல்லோரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பொட்டலில் இறங்கினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். அப்புறம் பாருங்கள், அந்தப் பார்தான் பலபேருக்குப் பிடித்துப் போனது, பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் இல்லையா.

கற்றுக்கொண்டோம் என்றால் விழுந்தோம் என்று அர்த்தம். ஒரு சாயங்காலத்தில் பத்துப் பேர் விழுவோம், ஆறு ஹேண்டில் கோணிக்கொள்ளும். வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைக்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் திட்டினார், மூன்றாம் நாள் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டார். "ஆத்தா, நீயே பண்ணிக்க, நான் சொல்லித் தர்றேன். ஒவ்வொண்ணுக்கும் என்னால ஓடிவர முடியாது." அவர் சொல்லித் தந்ததைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அவர் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது.

விழுந்த சைக்கிளில் மாமா முதலில் ஸ்பேனரை வைக்க விட மாட்டார். மூன்றடி முன்னால் நின்று, எருமையை நேருக்கு நேர் பார்ப்பது மாதிரி பார்க்கச் சொல்வார். கொம்பு இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் ஹேண்டில் வளைந்திருக்கிறது. அது வேறு வைத்தியம். இரண்டும் சமமாக இருந்து, மொத்தமாக ஒரு பக்கம் திரும்பியிருந்தால் உள்ளே பிடிப்பு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வளைந்த ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி நேராக்கப் பார்ப்பார்கள், அது எந்தக் காலத்திலும் நேராகாது.

நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது மட்கார்டை வைத்துப் பார்க்காதீர்கள். விழுந்த சைக்கிளில் முதலில் கோணுவதே மட்கார்டுதான். சைக்கிளின் மேல் காலை இரண்டு பக்கமும் போட்டு நின்று, குனிந்து முன்சக்கரத்தின் அச்சைப் பாருங்கள், இரண்டு பக்கமும் நட் தெரியும். அந்த அச்சும் ஹேண்டிலும் தண்டவாளம் மாதிரி ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கண்ணில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு நூல் போதும். சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு, சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியில் நூலைக் கட்டி, வலது பிடியின் முனை வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, அதே நூலை இடது முனைக்குக் கொண்டு போங்கள். முடிச்சு சரியாக வந்து உட்கார்ந்தால் சரி.

அடுத்து போல்ட். ஹேண்டிலின் கழுத்து உச்சியில், நட்டநடுவில் ஒரு பெரிய போல்ட் இருக்கும். பிள்ளைகள் தினமும் அதைப் பார்க்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் தெரியாது. அந்தப் போல்ட் கழுத்துக்குள்ளேயே நீளமாகக் கீழே இறங்கி, அடியில் ஒரு கோனை, அதாவது கூம்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டைப் பிடித்திருக்கிறது. போல்ட்டை இறுக்க இறுக்கக் கோன் மேலே ஏறி, கழுத்தின் அடிப்பாகத்தை விரித்து, முன்சக்கரத்தைக் கவ்வியிருக்கிற கவையான போர்க்கின் குழாய் உள்சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற சம்பந்தம் அந்த ஒரு அழுத்தம் மட்டும்தான். வேறு பல்லோ பூட்டோ கிடையாது. இதை முதன்முதலில் மாமா கழற்றிக் காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவ்வளவு நாளாக இதை நம்பியா பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஓட்டினோம் என்று!

சரி செய்ய வேண்டும் என்றால் அந்தப் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் கோன் உள்ளே விழுந்துவிடும், அப்புறம் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுத் தேட வேண்டியதுதான். தளர்த்தியதும் போல்ட் தலை அரை விரல் அளவுக்கு மேலே நிற்கும். அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. இரும்பில் நேராக அடித்தால் மரை போய்விடும், கட்டை வையுங்கள். ‘டக்’ என்று கோன் கீழே இறங்குகிற சத்தம் கேட்கும். இப்போது ஹேண்டில் குழந்தை கை பட்டாலே திரும்பும். நேராக்கிக்கொள்ளலாம்.

இறுக்குவதற்கு முன்னால் இன்னும் ஒன்று. கழுத்துத் தண்டில் ஒரு கோடு அல்லது வரிசையாகக் கீறல் போட்டிருக்கும். அது வெளியே தெரியவே கூடாது. பிள்ளை உயரமாகிவிட்டாள் என்று ஹேண்டிலை மேலே இழுத்துவிடும்போது இந்தக் கோடு வெளியே வந்துவிடும், தண்டு போதுமான அளவு உள்ளே இருக்காது. கோடு அழிந்து போயிருந்தால் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கையில் எடுத்ததுதானே, தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.

எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் ஆம்பளைகளிடம் எனக்குச் சண்டை. ஸ்பேனருக்கு ஒரு நீளக் குழாயைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குவார்கள். அப்படி இறுக்கினால் உள்ளே கோன் அழுத்துகிற இடத்தில் போர்க் குழாய் புடைத்துவிடும், அப்புறம் போர்க்கே போச்சு. அதோடு, பலமாக விழும்போது ஹேண்டில் சுற்றிக்கொள்வது ஒரு விதத்தில் நல்லதுதான். சுற்றாமல் நின்றால் வேறு ஏதாவது வளையும், உடையும். விழுந்தால் சுற்றலாம், ஓட்டும்போது சுற்றக் கூடாது, அந்த அளவுக்கு இறுக்கம் போதும். முடித்ததும் அந்தப் பையன் செய்த மாதிரியே சக்கரத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கிற அளவு பலத்தோடு ஹேண்டிலை முறுக்கிப் பாருங்கள். அசையக் கூடாது. பையன் செய்தது தேர்வு. அதில் அந்தச் சைக்கிள் பெயில் ஆனது. அவன் அதை வைத்தியம் என்று நினைத்துவிட்டான்.

ஹேண்டில் நேரானதோடு எழுந்து போய்விடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால், கழுத்தில் ‘கடக் கடக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? ஹெட் கோன், அதாவது கழுத்துக் குண்டுகளைப் பிடித்திருக்கிற வளையம், தளர்ந்திருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறதா? உள்ளே குண்டுகள் தடம் பதித்துவிட்டன, மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் கடையில் கொடுத்துச் செய்வதுதான் நல்லது. பிரேக்கையும் பாருங்கள். கம்பி பிரேக் ஆனால் ஹேண்டில் சுற்றியபோது கம்பி வளைந்திருக்கும். ஹேண்டிலைக் கடைசி வரைக்கும் இடமும் வலமும் திருப்பும்போது பிரேக் கட்டை தானாகப் போய் ரிம்மைத் தொடக் கூடாது, வயர் பிரேக்கில் வயர் இழுபடக் கூடாது.

போர்க் பின்னால் வளைந்திருந்தால் ஹேண்டில் நேராக இருந்தும் சைக்கிள் ஒரு மாதிரி துள்ளும். பெடலில் இருக்கிற கால்விரல் முன்சக்கரத்தில் இடித்தால் சந்தேகப்படுங்கள். கழுத்துக்குக் கீழே பிரேம் குழாய் சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தால், உரிந்திருந்தால், உள்ளே இரும்பு மடங்கியிருக்கிறது. அந்தச் சைக்கிளை அன்றைக்கு ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள்.

ஹேண்டிலே வளைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த விடியற்காலையில் எங்கள் வேப்பமரம் தகரக் கொட்டகை மேல் சாய்ந்து, கொட்டகை என் சைக்கிள் மேல் சாய்ந்தது. இடது கொம்பு நாலு விரல் அளவுக்கு இறங்கிப் போனது. ஊரில் கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், சைக்கிளை விட்டால் வேறு வண்டி கிடையாது. தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சொருகி என் மகன் நிமிர்த்தினான். பழைய இரும்பு ஹேண்டில், கொஞ்சம் வளைந்தால் ஒரு தடவை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று மாமாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றையும் செய்தேன். கழுத்தும் கொம்பும் சேருகிற ஒட்டில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஈரமாக ஒரு கோடு எழும்பி வந்தது. விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிகிறது. ‘ஒரு வெல்டிங் வச்சுக்கலாமே’ என்றார்கள். நான் அந்த ஹேண்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். நாலு நாள் நடந்தே போனேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிற கியர் சைக்கிளில் கழுத்து வேறு மாதிரி. என் பேரன் வைத்திருக்கிறான். உச்சியில் ஒரு சின்ன போல்ட், கழுத்தின் பின்புறம் இரண்டு போல்ட், எல்லாவற்றுக்கும் ‘எல்’ எழுத்து மாதிரி வளைந்த எல் கீ வேண்டும். உச்சியில் இருப்பதுதான் ஹேண்டிலைப் பிடித்திருக்கிறது என்று பேரன் அதையே போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அது இல்லை. உச்சிப் போல்ட்டின் வேலை கழுத்து ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான். பிடிப்பு பின்னால் இருக்கிற இரண்டில் இருக்கிறது. அந்த இரண்டையும் தளர்த்தி, ஹேண்டிலை நேராக்கி, உச்சிப் போல்ட்டை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்கி, கடைசியாகப் பின்னால் இருப்பதை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அந்த வகையில் அலுமினிய ஹேண்டில் நிறைய வருகிறது. அது வளைந்தால் நிமிர்த்தவே கூடாது, இரும்பு மாதிரி பொறுத்துக்கொள்ளாது, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். மாற்றிவிட வேண்டும்.

கடைசியாகப் பிடி. நான் மேலே சொன்ன அத்தனையிலும் இதற்குத்தான் செலவு குறைவு, இதைத்தான் யாரும் செய்வதில்லை. கிழிந்த ரப்பர் பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். கடைக்குப் போகிற வரைக்கும் பொறுக்காது என்றால், தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் குழாயின் வாயில் அடைத்து வையுங்கள். எங்கள் தெருவில் இப்போது ஏழு சைக்கிளில் நீலச் செருப்பு ரப்பர் அடைத்திருக்கிறது, பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஹேண்டில் சுற்றிக்கொள்ளும்போது அதன் முனை நேராக ஓட்டுகிறவர் வயிற்றைப் பார்க்கும். வெறும் குழாய் என்றால் அது அரிவாள்மனைக்குச் சமானம். அப்படியும் குத்திவிட்டது, வட்டமாகத் தடம் இருக்கிறது என்றால் பிள்ளை ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும் நம்பாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. 2001-02ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06லிருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்த விலையில்லா சைக்கிளால் எங்கள் பக்கத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் பொட்டலில் விழுந்து எழுந்தபோது கனவிலும் நினைக்காதது. சைக்கிள் கொடுக்கிற அன்று எல்லாப் பத்திரிகையிலும் படம் வருகிறது, தாங்களும் போடுகிறீர்கள். அந்த வாரம் ஒருநாள், படத்துக்குப் பக்கத்தில் அரைப் பத்தி இடம் ஒதுக்கி, விழுந்த பிறகு ஹேண்டிலை எப்படிப் பார்ப்பது என்று போடுங்கள். கூடவே, சைக்கிள் நிறுத்துகிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையிலும் ஒரு ஸ்பேனர், ஒரு மரக்கட்டை, ஒரு சுத்தியல் தொங்க வேண்டும், விளையாட்டு ஆசிரியர் ஒரு பீரியட் ஒதுக்கிப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர்களுக்கு நீங்கள் எழுதினால் படிப்பார்கள். நான் சொன்னால், ‘சைக்கிள் கடையில பாத்துக்கலாம் டீச்சர்’ என்கிறார்கள். எங்கே இருக்கிறது சைக்கிள் கடை? என் ஊரிலிருந்து ஒன்றைத் தேடி ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். கோணின ஹேண்டிலோடு ஒன்பது கிலோமீட்டர்.

இரண்டாவது, அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம். ‘ஹேண்டில்பார் போல்ட் தளர்ந்திருந்ததால் விழுந்தார்’ என்று ஒரு வரி போட்டால் போதும். பிள்ளையின் பெயரைத் திரும்பவும் போட வேண்டாம், ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம். அந்தப் பெரியவரிடம் நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிள் இப்போது என் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. போர்க் வளையவில்லை, பெயிண்ட் சுருங்கவில்லை, பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளையே உட்கார வைத்துக் கழற்றி மாட்டச் சொன்னேன். கோன் ‘டக்’ என்று இறங்கியதும், "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
அன்னவாசல் ஒன்றியம், புதுக்கோட்டை மாவட்டம்.

பின்குறிப்பு: ஸ்பேனர் என்ன நம்பர் என்று வாசகர்கள் கேட்பார்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் மாறுகிறது. போல்ட் தலையில் ஒரு காகிதத்தை வைத்து விரலால் அழுத்தினால் அச்சு விழும். அதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டி வாங்குங்கள்.